மழை வந்தால் சரியாகிவிடும் டிஷ்

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று ஒரு வாடிக்கையாளர் வீட்டு சோபாவில் தூங்கிவிட்டேன்.

நெட் வரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். ரூட்டரை அணைத்துப் போட்டேன். அது எழுந்து வர இரண்டு நிமிடமாகும். அதுவரை நிற்பானேன் என்று உட்கார்ந்தேன். அவ்வளவுதான் ஞாபகம். கண்ணைத் திறந்தால் என் மேல் ஒரு போர்வை. தலைக்குக் கீழே தலையணை. எதிரே மூன்று பேர் சத்தமில்லாமல் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நெட்டு அப்பவே வந்துடுச்சுண்ணே. நீங்கதான் இன்னும் வரல."

ஊரையே நக்கலடித்துத் திரிகிறவன் நான். போர்வையை மடித்துக் கொடுத்தேன். அந்த வீட்டு அம்மா அதை வாங்கிப் பிரித்து மறுபடி மடித்தார்.

அலுவலகத்துக்கு வந்தால் ஸ்பீக்கர் காத்துக்கொண்டிருக்கிறாள். கம்ப்ளெயின்ட் போன் எடுக்கிற பெண்ணுக்கு நான் வைத்த பேர் அது. அவளுக்குப் போனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும். "அண்ணே, மேட்டு வீடு மறுபடியும் படுத்துடுச்சு!" கீழே டயர் கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

மேட்டு வீடு என் அக்கா வீடு. அக்காவும் மாமாவும் மட்டும்தான் இருக்கிறார்கள். ஒரே மகள் கல்யாணமாகி வேறு நாட்டில்.

எழுதிப் பார்த்தால் எனக்காவது ஏதாவது புலப்படுமா என்று எழுதுகிறேன். எங்கள் டவர் ஊர் நடுவில். கிழக்குப் பக்கத்துக்கு அது தெரியாது, நடுவில் மேடு மறைக்கிறது. அதனால் அக்கா வீட்டு மொட்டைமாடியில் ஒரு டிஷ். டவர் எறிவதை அது பிடித்து அந்தப் பக்கம் எறியும். அது படுத்தால் கிழக்குப் பக்கமே படுக்கும். இருநூறு வீடு, ஒரு பள்ளிக்கூடம், வாயில் கையை விட்டுக்கொண்டே போனில் நம்மைத் திட்டும் ஒரு பல் டாக்டர்.

போன மாதத்திலிருந்து இப்படித்தான். காலையில் படுக்கும். மத்தியானம் தானாக எழும். ஏன்?

செப்டம்பர் 3, புதன்

காலையில் படுத்தது. மத்தியானம் எழுந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. பல் டாக்டர் நன்றி சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

ஐந்து வீடு. முதல் வீட்டில் ரூட்டரைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். திருடு போய்விடுமாம். இரண்டாவது வீட்டில் அதற்குத் துணி உறை தைத்துப் போட்டிருந்தார்கள், ஜன்னல் மட்டும் வைக்கவில்லை. மூன்றாவது வீட்டில் அதற்கு முன்னால் பெரிய மீன் தொட்டி.

"தண்ணி சிக்னலைக் குடிச்சுடும்மா. உங்க மீனுக்கு ஃபுல் ஸ்பீடு, உங்களுக்கு மிச்சம்" என்றேன்.

அந்த அம்மா மீனைப் பார்த்தார். மீன் என்னைப் பார்த்தது. தொட்டியை நகர்த்த மாட்டார்களாம். ரூட்டரை நகர்த்தினேன். குனிந்து எழுந்ததில் முழங்கால் மளுக்கென்றது. நாலாவது, ஐந்தாவது வீட்டில் என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை. சரியாகத்தான் செய்திருப்பேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

மேட்டு வீட்டுக்குப் போனேன். மாமா மாடிக்கு விடவில்லை.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை மாடிச் சாவி தொலைந்திருந்தது. அடுத்த தடவை படியில் பாசி. இன்று ஜன்னலுக்கு உள்ளே இருந்தே சொன்னார்: "மேல போகாத மாப்ள. தளம் பூசியிருக்கு, இன்னும் காயல."

"எப்ப பூசினீங்க மாமா?"

"இப்பதான்."

"யாரு பூசினது? சிமென்ட் மூட்டை ஒண்ணையும் காணோமே. நாக்காலேயே பூசிட்டீங்களா?"

சாதாரணமாக இந்நேரம் எனக்கு இரண்டு மடங்காகத் திரும்பி வந்திருக்கும். டவர் குரங்கே என்றுதான் ஆரம்பிப்பார். இந்த டிஷ் கம்பத்தைத் தனியாளாகத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவர் அவர். நான் பின்னால் நட்டு போல்ட்டை ஏந்திக்கொண்டு போனேன். அன்றைக்கு முழுக்க, கம்பத்தை விட நான்தான் கனமாக இருந்தேன் என்று சொல்லிச் சிரித்தார். இன்று ஜன்னலைச் சாத்திவிட்டார்.

அக்கா வாசலுக்கே டீ கொண்டுவந்தாள். விரலெல்லாம் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. "என்னக்கா, சலவைக் கடை வெச்சுட்டியா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் என்ன தப்பு பண்ணினேன்? ஒன்றும் பிடிபடவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

டவர் பக்கத்துச் சாமான் எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. கேபிள், கனெக்டர், கரன்ட் பெட்டி. பலனில்லை. மிச்சம் இருந்தது சேனல். பக்கத்தில் எவனாவது அதே சேனலில் கத்திக்கொண்டிருந்தால் நம் லிங்க் திணறும். ஆகவே நேற்று ராத்திரி உட்கார்ந்த இடத்திலிருந்தே மாற்றினேன்.

எங்கள் டவரில் கிட்டத்து டிஷ், அக்கா வீட்டில் தூரத்து டிஷ். இதில் ஒரே ஒரு சட்டம். தூரத்து டிஷ்ஷை முதலில் மாற்று, கிட்டத்து டிஷ்ஷை அப்புறம் மாற்று. தூரத்தில் இருப்பது மாறின உடனே லிங்க் அறும். பிறகு கையருகில் இருப்பதை மாற்றினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தலைகீழாகச் செய்தால் தீர்ந்தது கதை. தூரத்தில் இருப்பதற்குச் சொல்லியனுப்ப வழியே இருக்காது. அது பழைய சேனலிலேயே நம்மைத் தேடிக்கொண்டிருக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு போய், ஏறி, கேபிளைச் சொருகித்தான் மாற்ற வேண்டும். எங்கள் முதலாளி, சின்னவர், ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டார். ஒரு வருஷம் அவரைக் கிட்டத்து முதலாளி என்று கூப்பிட்டேன்.

மாமாவுக்குக்கூட இந்தச் சட்டம் தெரியும். கம்பம் நட்ட அன்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அதிலிருந்து கல்யாணப் பத்திரிகை கொடுப்பதென்றாலும், வீட்டில் சண்டை என்றாலும் "தூரத்துல இருக்கறவன்கிட்ட முதல்ல சொல்லணும் மாப்ள" என்பார்.

சட்டப்படி மாற்றினேன். சரியாகத்தான் மாறியது. இன்று காலையில் படுத்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து நல்ல மழை. மழை என்றாலே எங்களுக்கு ஓட்டம்தான். கனெக்டரில் தண்ணீர் இறங்கும், வரிசையாக ஒவ்வொன்றும் படுக்கும். மேற்கே இரண்டு போய்விட்டது, தெற்கே ஒன்று. நனைந்த கோழி மாதிரி ஊர் சுற்றினேன்.

மேட்டு வீடு? காலையிலிருந்து மைனஸ் ஐம்பத்தைந்து. (சிக்னல் எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழேதான், என் பள்ளிக்கூட மார்க் மாதிரி. ஐம்பத்தைந்து என்றால் அருமை. எண்பதைத் தொட்டால் ஆள் அவுட்.)

ஸ்பீக்கர் சொன்னாள்: "மழைக்கு எல்லாம் படுக்குது, இது மட்டும் குளிச்சு முடிச்ச மாப்பிள்ளை மாதிரி நிக்குதேண்ணே!"

வெயிலில் படுத்து மழையில் எழுகிற டிஷ்ஷை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

செப்டம்பர் 10, புதன்

வெயில். படுத்தது.

செப்டம்பர் 11, வியாழன்

சின்னவர் கூப்பிட்டார். அவர் "உக்காருங்கண்ணே" என்றாலே விஷயம் பெரிது.

"அந்த வீட்டை விட்டுடலாம். டிஷ்ஷைக் கழட்டி பழைய மில் புகைபோக்கியில போட்டுடலாம். வெளி காண்ட்ராக்ட் ஆளுங்ககிட்ட பேசிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து கழட்டிடுவாங்க. புகைபோக்கி ஏறுறது, கிழக்குப் பக்கம் பார்த்துக்கறது எல்லாம் இனிமே அவங்களே."

"அப்ப நான்?"

"நீங்க இங்கேயே இருந்து… பார்த்துக்குங்க."

என்ன பார்ப்பது என்று அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் முழங்கால் புகைபோக்கி ஏறாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கிழக்குப் பக்கம் போனால் என் வேலையில் பாதி போயிற்று. மிச்சப் பாதி தானாகப் போகும்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரி சோற்றைப் போட்டு வைத்தாள். பிறகு, "அக்காவுக்கு இன்னிக்கு போன் பண்ணினேன். அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டாங்க. பின்னாடி தண்ணி விழுற சத்தம். எப்பப் பண்ணினாலும் அந்தச் சத்தந்தாங்க" என்றாள்.

குழாய் ரிப்பேராக இருக்கும் என்றேன்.

செப்டம்பர் 13, சனி

என்னால் எழுத முடியுமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

காலையில் டவரில் ஏறினேன். பாதியில் நின்று மூச்சு வாங்கி, மறுபடி ஏறி, இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு பைனாகுலரை எடுத்தேன். மேட்டில் புதிதாக மரம் வளர்ந்திருக்கிறதா, எவனாவது மாடி எழுப்பியிருக்கிறானா என்று பார்க்கத்தான்.

மரமில்லை. மாடியில்லை. டிஷ்ஷும் இல்லை! எவனோ திருடிவிட்டான் என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. டிஷ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூப்போட்ட விரிப்பு தொங்குகிறது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. சொட்டச் சொட்டத் தொங்குகின்றன. கொல்லைப்புறத்தில் அவ்வளவு நீளக் கொடி இருக்கும்போது மாடியில் எதற்குக் கயிறு கட்டினார்கள்?

அக்கா வாளியை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்தாள். கடைசியாக ஒன்றை உதறிப் போட்டாள். துணி இல்லை. தவிட்டு நிறத்தில், வெயிலில் பளபளக்கிற ரப்பர் விரிப்பு. கைக்குழந்தைக்குக் கீழே போடுவோமே, அது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் போடுவார்களே, அது.

அந்த வீட்டில் கைக்குழந்தை ஏது?

மாமா.

தினமும் காலையில் ஈர விரிப்பு டிஷ்ஷை மறைக்கிறது. தண்ணீர் சிக்னலைக் குடிக்கிறது. மத்தியானம் காய்ந்ததும் லிங்க் எழுகிறது. மழையென்றால் துணியை வீட்டுக்குள் போடுகிறார்கள், டிஷ் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. மீன் தொட்டிக்காரிக்கு வகுப்பெடுத்தேனே, எனக்கே ஏன் உறைக்கவில்லை?

நாக்காலே பூசினீங்களான்னு கேட்டேனே. சலவைக் கடையான்னு கேட்டேனே. அய்யோ.

இறங்கி வந்து நேரே வீட்டுக்குப் போனேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வீட்டுக்காரி கேட்டாள்: "காலையிலேர்ந்து என்னை ஒண்ணும் சொல்லல. காய்ச்சலா?" நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

அக்காவுக்குப் போன் செய்தேன். "அக்கா, டவர்லேர்ந்து பார்த்தேன்" என்று மட்டும் சொன்னேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது. குழாயை மூடியிருக்கிறாள். பிறகு அழுதாள்.

ஆபரேஷன் ஆகி நாலு மாதமாம். ஏதோ சுரப்பி வீக்கம், வெளியூரில் போய்ச் செய்து வந்திருக்கிறார்கள். எங்களிடம் மகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள் அப்போது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் நீர் நிற்கவில்லை. போகப் போகச் சரியாகும் என்கிறாராம் டாக்டர். பகலில் எப்படியோ சமாளிக்கிறார். தூக்கத்தில் முடியவில்லை.

"ஏங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"உங்கிட்டதான்டா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ஊருக்கே தெரிஞ்சாலும் மாப்ளைக்குத் தெரியக் கூடாதுன்னாரு. அவரு காதுக்கு மெஷின் போட்டப்ப நீ என்ன கேட்ட? எத்தனை எம்பி ஸ்பீடு மாமான்னு கேட்ட. அன்னிக்கு நாங்கல்லாம் சிரிச்சோம், நானும்தான் சிரிச்சேன். அப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஆளாளுக்கு அதையே கேட்டாங்க. மெஷினைக் கழட்டி டிராயர்ல வெச்சவருதான்டா. உனக்கு அது தெரியுமா?"

தெரியாது. கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறார், திமிர் என்று அதற்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்து மாடி ஏறப் போகிறார்கள் என்று சொன்னேன். யாரோ நாலு பேர், கையில் ஆளுக்கொரு போன். துணியைக் கொல்லையில் போடச் சொன்னால் பக்கத்து வீட்டில் போன மாதம் வைத்த புது ஜன்னல் அங்கேதான் திறக்கிறதாம். உள்ளே போட்டால் காய்வதில்லை, நாற்றம். "நீயே சரி பண்ண முடியாதாடா?"

முடியும். கம்பத்தை ஆள் உயரத்துக்கு உயர்த்தி நட்டால் டிஷ் கயிற்றுக்கு மேலே பார்க்கும். அரை நாள் வேலை. அப்புறம் யாரும் எதையும் கழற்ற வேண்டாம். ஆனால் நான் மாடிக்குப் போக வேண்டும்.

"எனக்குத் தெரியும்னு காட்டிக்காதடா. அவரே உன்னை வான்னு கூப்பிடணும்" என்று வைத்துவிட்டாள்.

அவர் எப்படிக் கூப்பிடுவார்?

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆறு வீடு. எல்லா வீட்டிலும் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தேன். ஒரு வீட்டில் பயந்துபோய், ரொம்பப் பெரிய கோளாறா என்று கேட்டார்கள்.

செப்டம்பர் 17, புதன்

இன்று செய்ததை உள்ளபடி எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை.

காலையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு டிஷ்ஷும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சின்னவரிடம், கடைசியாக ஒரு தடவை சேனல் மாற்றிப் பார்க்கிறேன் என்றேன். சட்டம் எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். விரல் கிட்டத்து டிஷ் பக்கம் போனது. நான் தடுக்கவில்லை.

கிழக்குப் பக்கம் மொத்தமாக அணைந்தது.

ஸ்பீக்கர் எட்டிப் பார்த்தாள். "அண்ணே… கிட்டத்ததையா முதல்ல மாத்துனீங்க?" அவள் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக இன்றுதான் பேசினாள். சின்னவர் வந்து திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வருஷக் கணக்கு அவர் கண்ணில் தெரிந்தது. "போய் ஏறிட்டு வாங்க" என்றார்.

பல் டாக்டரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, ஒரு தப்பு நடந்து போச்சு. சேனல் மாத்தும்போது கிட்டத்து டிஷ்ஷை முதல்ல மாத்திட்டேன்."

சத்தமே இல்லை. காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை கத்தினேன். டயர் கடைக்காரனுக்கும் கேட்டிருக்கும். அப்போதுதான் அந்தப் பக்கம் ஆரம்பித்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. நாலு மாதத்துச் சிரிப்பு.

"நீயா? நீயாடா? எனக்கு வகுப்பெடுத்தியேடா! தூரத்துல இருக்கறவன்கிட்ட…" மேலே பேச முடியவில்லை அவரால். "வா. வந்து தொலை. ஆனா ஒரு அரை மணி கழிச்சு வா."

அந்த அரை மணி எதற்கு என்று தெரியும். மேட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

மாடியில் கயிறு காலியாக இருந்தது. ஆனால் கயிற்றுக்கு நேர் கீழே தளத்தில் சொட்டுச் சொட்டாக ஒரு நீளக் கோடு, இன்னும் காயாமல். நான் அதைப் பார்க்காமல் தாண்டினேன். அப்படித் தாண்டுவது ரொம்பக் கஷ்டம். மாமா ஒவ்வொரு படியாக ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் பாதியாகிவிட்டிருந்தது. கேபிளைச் சொருகிச் சேனலை மாற்றினேன். கிழக்குப் பக்கம் வந்துவிட்டது. பிறகு கொண்டுவந்த கம்பத்துண்டை எடுத்தேன்.

"அது எதுக்கு?"

"டிஷ்ஷைக் கொஞ்சம் தூக்கி வெச்சுடறேன் மாமா. முழங்கால் போச்சு. இனிமே அடிக்கடி ஏற முடியாது."

அவர் என் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். தளத்தில் இருந்த கோட்டைப் பார்த்தார். அவருக்குக் கணக்குப் போட ரொம்ப நேரம் ஆகவில்லை.

"பார்த்துட்ட."

நான் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே முறுக்கிய போல்ட்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"சனிக்கிழமை. டவர் மேலேர்ந்து."

"அங்கேர்ந்து தெரியுதா? அப்ப ஊரே பார்க்குமா?"

"அவ்வளவு உசரம் ஏற இந்த ஊர்ல ஒரே ஒரு குரங்குதானே மாமா இருக்கு."

மறுபடி அதே போல்ட்டை முறுக்கினேன். படியில் அக்கா நின்றிருந்தாள், இடுப்பில் விரிப்புகள் நிறைந்த வாளியுடன், ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மாமாதான் வாய் திறந்தார். குரல் உடைந்திருந்தது.

"ஏதாவது சொல்லித் தொலைடா. நீ சும்மா இருந்தாத்தான் எனக்கு பயமா இருக்கு."

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "என்னத்தைச் சொல்ல மாமா? டவர்ல இடி விழுந்திருக்கு, சமாளிச்சோம். எலி கேபிளைக் கடிச்சிருக்கு, சமாளிச்சோம். நீங்க ஒருத்தர் தூக்கத்துல விட்டதுல இருநூறு வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு பல் டாக்டர், மொத்தமா ஆஃப். உங்க பவர் எங்க டவருக்கே கிடையாது."

ஒரு கணம் செத்துவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அவர் முகம் கோணியது. அழப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நிறுத்துடா… நிறுத்துடா, இப்ப மறுபடி ஆஃப் ஆயிடும்…" அக்கா வாளியை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று பார்க்கவில்லை.

இறங்கும்போது மாமா கையைப் பிடித்தார். "இது மாடியோட போச்சு. வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது."

"போகாது மாமா."

"கிட்டத்து டிஷ் கதை போகும். அதை நான் எல்லாருக்கும் சொல்லுவேன்."

"சொல்லுங்க மாமா."

உடம்பெல்லாம் வலி. படுக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

வெயில். எழுந்தே நிற்கிறது. காலையிலும் ஐம்பத்தைந்து, மத்தியானமும் ஐம்பத்தைந்து.

சின்னவர் காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றார். "என்னண்ணே கோளாறு?" என்று கேட்டார். உயரம் பத்தவில்லை என்றேன். அதில் பொய் இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

அலுவலகப் போன் அடித்தது. ஸ்பீக்கர் எடுத்து, கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் நீட்டினாள். "கிட்டத்து டிஷ் இருக்காரான்னு ஒருத்தர் கேக்கறாருண்ணே."

என் வீட்டுக்காரி, அவள் தங்கை, தங்கை புருஷன், எல்லோருக்கும் மாமாவே போன் செய்து சொல்லியிருக்கிறார். டயர் கடைக்காரனுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. சின்னவர் எனக்குக் கொடுத்த ஆயுதபூஜை அழைப்பிதழில் என் பேருக்குப் பதில் அதையே எழுதியிருக்கிறார். ஒரு வருஷத்துக்கு ஓடும். ஓடட்டும்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலையில் வேலைக்குப் போகும் வழியில் மேட்டு வீட்டுக்குப் போய் வாளியை மாடிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். அக்கா வேண்டாம் என்றாள். கேட்கவில்லை. முழங்காலும் வேண்டாம் என்கிறது. அதையும் கேட்கவில்லை.

இன்று இரண்டு விரிப்புதான். நேற்று மூன்று. மாமா காதில் மெஷின் இருந்தது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "நூறு எம்பி. அப்புறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை என்றேன்.

அக்டோபர் 3, வெள்ளி

மாடிப் படியில் சோப்புத் தண்ணீர் சிந்தியிருந்தது. வழுக்கி விழுந்தேன். வாளி என் மேல் விழுந்தது. எலும்பு முறிவு இல்லை.

மாமா தன் பேன்ட் ஒன்றைக் கொடுத்தார். இரண்டு சுற்று பெரிது. பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பேன்டை அலசிக் காயப்போடத் தானே எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். கயிற்றில் இடமில்லை என்பதால் உயரமாகவும் வெயிலாகவும் இருந்த இடத்தில் போட்டிருக்கிறார்.

சற்று நேரத்தில் ஸ்பீக்கர் கூப்பிட்டாள். கிழக்குப் பக்கம் மொத்தமாகப் படுத்துவிட்டதாம், பல் டாக்டர் லைனில் இருக்கிறாராம், கம்ப்ளெயின்ட்டில் காரணம் என்ன போடுவது என்று கேட்டாள். பேன்ட் என்றேன். யாருடையது என்று கேட்டாள். என்னுடையது என்று சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

பேன்ட் மத்தியானம் காய்ந்தது. லிங்க் வந்தது.